சுத்தமான குடல்

பிளாஸ்க்கில் ஆட்டுக் குடலை வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். கோவில்பட்டியில் கறிக்கடைக்கும் கல்லூரிக்கும் நடுவே என் வாழ்நாளில் பாதி அப்படித்தான் போயிற்று. ஒரு நாள் பக்கத்து சீட்டு அம்மாள் என் மடியில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு, பாலா காபியா, பிள்ளைக்கு ஒரு வாய் கிடைக்குமா என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு ஏற்கெனவே எரிச்சல். குடல் என்றேன். அதற்கப்புறம் கல்லூரி வாசல் வரைக்கும் அந்த சீட்டில் நான் ஒருத்திதான் காலை நீட்டி உட்கார்ந்து போனேன்.

விலங்கியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். குடலின் உள்பக்கத்தில் வரிசையாக நிற்கும் செல்களின் மேல், பூனை முடி மாதிரி பொடிப்பொடியாகச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கும். நிலக்கடலையில் ஒரு புரதம் இருக்கிறது. அதற்குச் சர்க்கரையைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்வதே வேலை. அந்தப் புரதத்தின் முதுகில் பச்சையாக ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டால், அது ஒட்டிய இடமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பச்சையாகத் தெரியும். கடலை எப்படிச் சர்க்கரையைப் பிடிக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடலைமிட்டாய் தின்று வளர்ந்த ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை.

என் ஆராய்ச்சி இன்னும் ஒரு படி உள்ளே. திசுவைத் தயார் செய்யும் விதத்தால் அந்தப் பச்சை கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் கேள்வி. குடலை உடனே உறையவைத்துச் சீவலாம். அல்லது ஃபார்மலினில் போட்டு, ஆல்கஹாலில் நீரை எடுத்து, மெழுகில் புதைத்துச் சீவலாம். என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, குடலை எப்படிச் செய்தாலும் குடல்தானே, இதற்கா இத்தனை வருஷம் என்றார்கள். எப்படிச் செய்தால் என்ன ஆகிறது என்பதுதான் அத்தை படிப்பே என்றேன். நீ முதலில் ஒரு நாள் இங்கே செய்து காட்டு, அப்புறம் படிக்கலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் பேச்சு அதோடு முடியும்.

என் கைடு அந்த வருஷம் மே மாதம் ஓய்வு பெறவேண்டியவர். அவர் சீட்டை விட்டு எழுவதற்குள் என் கடைசி அத்தியாயத்தைக் கமிட்டி முன்னால் வைத்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் வேறு கைடு தேட வேண்டும். எங்கள் கல்லூரியில் வேறு ஆள் கிடையாது. திருநெல்வேலிப் பக்கம் ஒருத்தர் இருந்தார், அவர் நத்தை ஆராய்ச்சிக்காரர். குடலை விட்டு நத்தைக்கு மாறி, முதலில் இருந்து ஆரம்பிப்பதற்கு எனக்கு ஆயுளும் இல்லை, பொறுமையும் இல்லை. பொறுமை எனக்கு எப்போதுமே கிடையாது என்று வீட்டில் சொல்வார்கள், அது வேறு விஷயம்.

கைடை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். சார் நாகலாபுரம் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. கரிசலில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்காரும் குடும்பம். அந்தப் பழக்கம் அவருக்குக் கல்லூரி வரை வந்துவிட்டது. ரிசல்ட் வரவில்லை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால், ‘வரும்மா, ஈரம் காணட்டும்’ என்பார். எந்த ஈரம், எப்போது காணும் என்று கேட்டால் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து அவர் பேர் சொல்லும்படி ஒரு நல்ல படம், ஒரு நல்ல கட்டுரை வரவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம்.

எங்கள் துறையில் ஒளிரும் சாயத்தைப் பார்க்கிற மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்று இருந்தது. இருட்டறையில் வைத்திருந்தோம். அதன் விளக்குக்கு ஆயுள் கொஞ்சம், விலை ஜாஸ்தி. ஒரு தடவை அணைத்தால் நன்றாக ஆறிய பிறகுதான் மறுபடி போடவேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடும் என்று சார் நடுங்குவார். விளக்கைப் போடுவதற்கு முன்னால் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். சாமி கும்பிடுகிறாரா, மின்வாரியத்தைக் கும்பிடுகிறாரா என்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

முதலில் எடுத்த குடலெல்லாம் கந்தரகோளம். ஆடு எங்கே மேய்ந்ததோ, ஒடைமரத்து இலையும் காயும் உள்ளே அப்படியே இருந்தன. பச்சிலைத் துணுக்கு அந்த விளக்கில் ரத்தச் சிவப்பாக எரியும். நாங்கள் பச்சையைத் தேடினால் திரும்பின பக்கமெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘சுத்தமான திசு கொண்டாம்மா’ என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. கோபம் யார் மேல்? சார் மேல் பட முடியாது. நேரே கறிக்கடைக்குப் போனேன்.

கறிக்கடை அண்ணாச்சி முன்னால் நின்று வெட்டுவார். அவர் மனைவி பின்கட்டில் தலை, கால், குடல் எல்லாவற்றையும் கழுவி ஒழுங்கு செய்வார். அவரை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு நான் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் பேசினேன். படித்தவர்கள் பார்க்கிற பொருளை இப்படியா கொடுப்பது, சார் முகத்தில் முழிக்க முடியவில்லை, இனிமேல் சுத்தமாகக் கொடுப்பதென்றால் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று பொரிந்து தள்ளினேன். இலை தழை இல்லாத இடமாகப் பார்த்து, உப்புத் தண்ணீரில் மெதுவாக ஓட்டிக் கொடுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதை நான் சொன்னேனா? சுத்தம் என்று மட்டும் சொன்னேன். மதினி முகம் செத்துப்போய்விட்டது. அண்ணாச்சி மட்டும், இனிமே குறை வராது டீச்சர் என்றார். கல்லூரிக்குப் போகிறவர்கள் எல்லாம் அவர்களுக்கு டீச்சர்தான்.

வரவும் இல்லை. அடுத்த நாளில் இருந்து குடல் கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு துணுக்கு கிடையாது. லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. குடலின் மேல்பாகத்தில் பித்தநீர் கலக்கும் இடம் எப்போதுமே மஞ்சளாகத்தான் இருக்கும், புஸ்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. வாசனை வரவில்லையா என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். ஃபார்மலின் என் மூக்கை எப்போதோ தின்றுவிட்டது. தவிரவும் நம் வீடுகளில் அது ஒரு வாசனையா? பிறந்ததில் இருந்து கையிலும் முகத்திலும் அடுப்படியிலும் இருப்பது மூக்குக்குத் தனியாகத் தெரியுமா?

உறையவைத்துச் சீவிய துண்டுகளுக்குக் கடலைப் புரதம் ஊற்றி, கழுவி, சாரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடி நின்று, விளக்கைப் போட்டு, குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. அப்புறம் விலகி, என்னைப் பார்க்கச் சொன்னார்.

நான் அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. மழை பெய்த மறுவாரம் கரிசலில் கம்பம்பயிர் நிற்கும் பாருங்கள், அப்படி நின்றது. குடலின் உள்ளே விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ஒவ்வொன்றும், ஒவ்வொரு மடிப்பும் பளபளவென்று எரிந்தது. அதே குடலில் மெழுகில் புதைத்துச் சீவிய துண்டுகளை வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் ஏதோ கோடு மாதிரி மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். சார் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மெழுகு முறை சர்க்கரையை அழித்துவிடுகிறது, உறையவைத்தால் முழுசாகக் கிடைக்கிறது, இதை இத்தனை பளிச்சென்று யாரும் காட்டியதில்லை என்றார். படத்தைப் பிடித்து கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு. பேப்பரில் போட்டிருந்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை.

திசு ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் இன்னும் சில பார்க்கப் பாக்கி இருந்தன. எந்தச் சோதனையிலும் கடலைப் புரதமே ஊற்றாத துண்டுகள் சிலவற்றை வைத்திருப்போம். கண்ட்ரோல் என்று பேர். அது இருட்டாகத்தான் இருக்கவேண்டும். அது இருட்டாக இருந்தால்தான் மற்றதில் தெரிகிற பச்சை கடலைப் புரதத்தால் வந்தது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று முதல் வருஷப் பிள்ளைக்கே தெரியும். சார் விளக்கு ஆறட்டும் என்றார். விளக்கு ஆறியது, அவர் ஆறவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்க் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டார். எதற்குமே அவசரப்படாத மனுஷர், அன்றைக்குத் தலைகால் புரியாமல் நின்றார். வாயெல்லாம் பல். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். நத்தை தப்பித்தது என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

மறுநாள் அந்தக் கண்ட்ரோலை நான் தனியாகப் பார்த்தேன். பச்சைப் பசேல் என்று எரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கடலைப் புரதம் ஒரு சொட்டுக்கூட ஊற்றாத துண்டு, ஊற்றிய துண்டைவிடப் பிரமாதமாக எரிகிறது. கிழிந்தது போ என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொருவராகத் திட்ட ஆரம்பித்தேன். சாயம் விற்றவனைத் திட்டினேன். கல்லூரித் தண்ணீர் டேங்கைத் திட்டினேன். அந்த ஆடு என்னத்தைத் தின்று தொலைத்ததோ என்று அதையும் விடவில்லை. புதுக் குடல் வாங்கி முதலில் இருந்து பார்த்துவிடுவது என்று கறிக்கடைக்குப் போனேன்.

அன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன் போலிருக்கிறது. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், உள்ளே ஆகிக்கொண்டிருக்கிறது, ஒரு நிமிஷம் இருங்கள் என்றார். என்ன ஆகிறது என்று எட்டிப் பார்த்தேன். மதினி ஒரு பேசின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, குடலை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டு, பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி அலசிக்கொண்டிருந்தார். பேசினில் தண்ணீர் மஞ்சமஞ்சேள் என்று இருந்தது.

“என்ன மதினி இது?”

“மஞ்சத்தண்ணி டீச்சர். நீங்கதான சுத்தமா வேணும்னு அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசுனீங்க. அதுல இருந்து சாருக்குப் போற குடலுக்கு மட்டும் தனிப் பொடி. கடைப்பொடி கிடையாது, வீட்ல இடிச்சது. அலசிட்டு மறுபடியும் நேராப் புரட்டி வச்சிருதேன், பாக்கதுக்கு அழகா இருக்கணும்லா.”

மஞ்சள் அந்த விளக்கில் பச்சையாக எரியும் என்று எங்கேயோ எப்போதோ படித்தது அப்போது வந்து நிற்கிறது மண்டையில். கோபப்படலாம் என்றால் கோபப்பட இடமே இல்லை. இந்த ஊரில் குடலைச் சுத்தமாகக் கொடு என்றால் வேறு என்ன அர்த்தம்? என்ன டீச்சர், இன்னும் ரெண்டு அலசு அலசணுமா என்று மதினி கேட்டார். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். கமிட்டிக்காரர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். கண்ட்ரோல் என்று கறுப்பாக ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? சாருக்குப் பேர், எனக்குப் பட்டம். மே மாதம் கிட்டத்தில் வந்துவிட்டது. அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை நன்றாக இருக்கும், ஆனால் நினைத்தேன். பஸ் நிற்பதற்குள் நினைப்பு போய்விட்டது. நான் நல்லவள் என்பதால் இல்லை. இனிமேல் குழம்பு வைக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வருமே, ஆயுள் முழுக்க யாரால் முடியும்?

சார் அறையில் கமிட்டிக்கு எழுதிய பேச்சைத் திருத்திக்கொண்டிருந்தார். கண்ட்ரோல் படத்தை மேஜையில் வைத்தேன். மதினியின் பேசினைப் பற்றியும் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போவதை நான் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இத கமிட்டில கேப்பாங்களா?” என்றார்.

“கேக்க மாட்டாங்க சார்.”

“அப்ப எதுக்கும்மா எங்கிட்ட சொன்ன?”

“எனக்குத் தெரிஞ்சுபோச்சுலா சார். தனியா வச்சுக்கிட முடியல.”

“சரி. இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு” என்றார்.

எழுந்து கேன்டீனுக்குப் போனார். கையில் ஒரு துண்டுக் காகிதத்தில் மஞ்சள்பொடியை மடித்து வாங்கி வந்தார். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடித் துண்டில் தடவி, விளக்கைப் போட்டோம். அன்றைக்கு அவர் கண்ணை மூடவில்லை. குனிந்து பார்த்தவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நான் பதறிப்போனேன். சிரிக்கிறார். ‘நாம இத்தன நாளும் பாத்தது குடல் இல்லம்மா, குடல்குழம்பு’ என்றார். எனக்கும் அடக்க முடியவில்லை. இருட்டறைக்குள் இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரிப்பதைக் கேட்டு அட்டெண்டர் வந்து கதவைத் தட்டினார்.

சிரித்து முடித்த பிறகு எல்லாம் கோவையாகப் புரிந்தது. மஞ்சள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆல்கஹாலில் கரைந்துவிடும். உறையவைத்த துண்டில் ஆல்கஹாலே படுவதில்லை, அதனால் மஞ்சள் அப்படியே இருந்து எரிந்தது. மெழுகில் புதைக்கிற துண்டை ஆல்கஹாலில் முக்கி முக்கி எடுக்கிறோம், மஞ்சள் போயே போய்விட்டது. சார் சொன்ன தீர்ப்பில் சர்க்கரை அழிகிறது என்று இருந்ததே, அழிந்தது மஞ்சள். திசுவைத் தயார் செய்யும் விதம் ஒளியை மாற்றும் என்பது மட்டும் ரொம்பச் சரி. கறிக்கடைப் பின்கட்டிலேயே தயாரிப்பு ஆரம்பித்துவிட்டது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

இனி அலசாத குடல் வேண்டும். அதை வாங்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கழுவாத குடலைக் கையில் கொடுக்க மதினி ஒப்பவே இல்லை. படித்த பொம்பளைக்கு அழுக்குக் குடலைக் கொடுத்தோம் என்று ஊருக்குள் பேச்சு வந்தால் நாளைக்கு யார் கடைக்கு வருவார்கள் என்று கேட்டார். மஞ்சள் ஆராய்ச்சியைக் கெடுக்கிறது என்று விளக்கினேன். மஞ்சள் ஒன்றையும் கெடுக்காது என்று அவர் எனக்கு விளக்கினார். என் குரல் உயர்ந்தது, அவர் குரலும் உயர்ந்தது, கறி வாங்க வந்தவர்கள் கறியை மறந்து நின்றார்கள். கடைசியில் அண்ணாச்சி நடுவில் வந்து, ஆட்டை உரித்ததும் டீச்சரே உள்ளே வந்து வேண்டிய அளவு வெட்டி, உப்புத் தண்ணீரில் ஓட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசி முடித்தார். மதினி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போகிற வரைக்கும் திரும்பவில்லை.

இந்தத் தடவை கண்ட்ரோலைத்தான் முதலில் பார்த்தோம். கும்மிருட்டு. இருட்டைப் பார்த்து இரண்டு பேர் அத்தனை சந்தோஷப்பட்டதை உலகம் கண்டிருக்காது. அப்புறம் கடலைப் புரதம் ஊற்றியதைப் பார்த்தோம். உறையவைத்த துண்டில் பச்சை கொஞ்சம் கூடுதல், ஆனால் சளியெல்லாம் கலங்கி இடம் தெரியாமல் பரவியிருந்தது. மெழுகுத் துண்டில் செல்களின் விளிம்பு ஓரமாக மெல்லிசாக ஒரு கோடு. நூல் பிடித்த மாதிரி இருந்தது. சர்க்கரைக் கரைசலை முதலில் கொடுத்து கடலைப் புரதத்தின் வாயை அடைத்துவிட்டு ஊற்றிப் பார்த்தோம், கோடு காணாமல் போயிற்று. அப்படியானால் அது சர்க்கரைதான். பார்க்க ஒன்றும் இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கவேண்டும்.

மே மாதத்துக் கொதிக்கிற வெயிலில் கமிட்டி கூடியது. போனில் பிரமாதமான படம் என்று கேட்டுவிட்டு வந்தவர்கள், திரையில் அந்த மங்கல் கோட்டைப் பார்த்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சார் எழுந்துவிட்டார். அன்றைக்கு நான் சொன்னது தப்பு, கண்ட்ரோல் பார்க்காமல் சொன்னேன், நீங்கள் கேள்விப்பட்டது மஞ்சள்பொடி என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வெளியூரில் இருந்து வந்தவர் சத்தமாகவே சிரித்தார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. சார் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றுவிட்டு, ‘இதுல கொஞ்சந்தான் தெரியுது. தெரியுத வரைக்கும் சந்தேகம் இல்ல’ என்று சொல்லி உட்கார்ந்தார். கேள்விகள் நிறைய வந்தன. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சிரித்தவரும் போட்டார்.

சாயங்காலம் சாரை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். நாகலாபுரம் பஸ் இன்னும் வரவில்லை. அந்த வாரத்தோடு அவர் வேலை முடிகிறது. நன்றி என்று சொல்ல நினைத்தேன், எனக்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது, வெயிலைத் திட்டிக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. அவர் படியில் காலை வைத்தவர், இறங்கி வந்தார்.

“ஏம்மா, அந்த மொதப் படம் இருக்குலா. பச்சையா எரிஞ்சது. அத ஒரு பிரிண்ட் போட்டுக் குடு. பெருசா. வீட்ல மாட்டணும்.”

“சார், அது மஞ்சள் சார்.”

“தெரியும்மா” என்றார். “நல்லா இருந்துச்சுலா.”

பஸ் போன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மறுநாளே பெரிசாகப் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.